இளையோர்க்கு ஒரு முற்றம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இளைஞர் நலம் என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இப்பொருள் பற்றிப் பேசுவோர் இளைஞர்களை முன் வரிசையில் அமர்த்தி, அவர்கள் செய்யத்தகாதன யாவை என்று எண்ணிச் சொல்வது வழக்கம். நாம் இன்று பெற்றோரை நோக்கியே பேச விரும்புகிறோம். இளைஞர்கள் உடனிருந்து கேட்பதற்குத் தடையில்லை.

நாம் வாழ்வது இராஞ்சி மேட்டுநிலம். இம்மண்ணுக்கு உரியோர் முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள். கேங்மேனாகவும் கலாசியாகவும் நம்முடன் பணிபுரிகின்றவர்கள் அவர்களே; காலையில் நம் குடியிருப்பு வாயிலில் கீரையும் காளானும் கொணர்ந்து விற்கும் தாய்மாரும் அவர்களே. ஆயினும் அவர்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. நம் பிள்ளைகளுக்கு எது இல்லையென்று நாம் இன்று தவிக்கிறோமோ, அதனை அவர்கள் ஊர்தோறும் முன்பே அமைத்து வைத்திருந்தனர் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

ஓராவோன் ஊர்களில் தும்குரியா என்று ஒரு வீடு இருந்தது. மணமாகாத இளைஞர்கள் இரவில் தங்கும் பொதுமனை அது. பெண்களுக்குத் தனியே ஒரு மனை உண்டு. அதற்கு மூத்த பெண்மணி ஒருவர் காவல். இராஞ்சியில் வழக்கறிஞராயிருந்த சரத் சந்திர ராய் அவர்கள் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். சிறுவர்கள் பதினோரு பன்னிரண்டு வயதளவில் அம்மனையில் சேர்வர். புதியவர், நடுவர், மூத்தவர் என மூன்று படிகள். புதியவன் மூத்தவனுக்குச் சிறு பணிகள் செய்வான். மூத்தவன் புதியவனுக்கு ஆடலும் பாடலும் வேட்டையும் ஊர் வழக்கும் கற்பிப்பான். அவர்களுள் ஒருவனே தலைவன். அவனை மஹதோ என்பர். ஊரில் எவருக்கேனும் கூரை வேயவோ நாற்று நடவோ ஆள் வேண்டுமெனில் அம்மனை இளைஞர்கள் கூட்டமாகச் சென்று செய்து கொடுப்பர்.

சாந்தால் மக்களிடையே வேறொரு முறை. ஊர்த்தலைவராகிய மாஞ்ஜிக்குத் துணையாக உள்ள அலுவலருள் ஜோக் மாஞ்ஜி என்று ஒருவர் உண்டு. இளைஞர், இளம்பெண்களின் நடத்தையைக் கவனிப்பதும், அவர்களுக்காகப் பெரியோரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு. வரி தண்டுவதற்கு ஓர் அலுவலர், காவலுக்கு ஓர் அலுவலர் என்பது எங்கும் உள்ளது. இளையோரின் மனத்திற்கென ஓர் அலுவலரை ஊரே நியமித்தது என்றால், அந்த ஊரை நாகரிகமற்றது என்று சொல்லலாகுமோ?

இவையனைத்தும் குற்றமற்றவை என்று நாம் கூறவில்லை. தும்குரியாவில் சேரும் சிறுவனின் கையில் நெருப்பால் சுட்டு வடு உண்டாக்கும் வழக்கம் இருந்தது. அதனை மீண்டும் கொணர வேண்டுமென்று யாரும் விரும்பார். ஆனால் வெளியார் பலர் இம்மனைகளை ஒழுக்கக் கேட்டின் கூடங்களென்றே எழுதினர். பஸ்தர் நாட்டு முரியா மக்களின் கோட்டுல் என்னும் மனையைப் பற்றி வெரியர் எல்வின் அவர்கள் 1947-இல் பெருநூல் எழுதிய பின்னரும் அப்பேச்சு ஓயவில்லை. பழிச்சொல் ஒருபுறம், பள்ளி விடுதி ஒருபுறம், தேயிலைத் தோட்டத்திற்கும் செங்கற் சூளைக்கும் பிழைப்புத் தேடிப் போதல் ஒருபுறம். பெரும்பாலான ஊர்களில் தும்குரியா மறைந்தது. இப்போது அதனை வேறு வடிவில் புதுப்பிக்கச் சில ஊர்களில் முயல்கின்றனர். மாலையில் மொழியும் எழுத்தும் பாட்டும் கற்பிக்கும் இடமாக அது தலையெடுக்கிறது.

மனை மறைந்தாலும் அதன் வழக்கம் முற்றிலும் மறையவில்லை என்பதனை நாம் நேரில் கண்டதுண்டு. இதனைப் பெயரின்றிச் சொல்ல உரியவர் இசைவு தந்துள்ளார்.

பணியிலிருக்கும்போதே இறந்துபோன ஓர் ஊழியரின் மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. லோஹர்தகா பக்கத்து ஓராவோன் இளைஞர். வயது இருபதுக்குச் சற்று மேல். சேர்ந்த நான்கு மாதங்கள் ஒழுங்காக வந்தார். பின்னர் வாரத்திற்கு இரண்டு நாள் வரவில்லை. பின்னர் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் குறியிட்டு வருவது நம் வேலை. குடிக்கிறான் என்றனர் சிலர். இலவசமாய் வந்த வேலையின் அருமை தெரியவில்லை என்றனர் வேறு சிலர். விதிப்படி குற்றப் பத்திரிகைக்கு உரிய தாள்கள் ஆயத்தமாயின. அதற்குமுன் ஒருமுறை பார்த்து வருவோம் என்று நல ஆய்வாளர் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம்.

அங்கே நாம் கண்டது இது: அந்த இளைஞரின் வீட்டுக் கூரைமேல் நம் பகுதியில் பணிசெய்து ஓய்வு பெற்ற முதிய கேங்மேன் ஒருவர் அமர்ந்து ஓடு மாற்றிக் கொண்டிருந்தார். இளைஞர் கீழே நின்று ஒவ்வோர் ஓடாக எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தார். முதியவர் அங்கு வந்து மூன்று நாட்களாயின என்றனர். முதல் இரண்டு நாட்களும் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லையாம். ஓடுகளைத் தட்டிப் பார்ப்பதும், மூங்கிலைச் சீவுவதும், அந்தப் பையனின் தந்தையோடு தாம் மழையில் பாதை காத்த கதைகளைச் சொல்வதுமாக இருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் பையன் தானாகவே வாய் திறந்தார்.

அவர் கூறியதைப் பல மாதங்கள் கழித்து நம்மிடம் அவரே சொன்னார். ஒவ்வொரு முதல் தேதியும் சம்பளம் வங்கியில் சேரும்போது, 'இது அப்பாவின் உயிருக்கு விலை. நான் அப்பாவைத் தின்கிறேன்' என்று தோன்றுமாம். சோறு இறங்காது. இதனை மேலதிகாரியிடம் இந்தியில் எப்படிச் சொல்வது? தாயிடம் தாய்மொழியில்தான் எப்படிச் சொல்வது? வாழவே வேண்டாம் என்று எண்ணியதும் உண்டு என்றார்.

அன்று முதியவர் கூரையிலிருந்து இறங்கி, திண்ணையில் அமர்ந்து, குடுக்கு மொழியில் அவரிடம் மெதுவாகப் பேசிக் கொண்டிருந்தார். ஒன்றும் விளங்காமல் அமர்ந்திருந்த நம் செவியில் ஒரு சொல் மட்டும் மீண்டும் மீண்டும் விழுந்தது: நாம். ஐயமின்றி நம் தமிழ் 'நாம்' என்னும் சொல்லே. பின்னர் முதியவரிடம் பொருள் கேட்டோம். அவர் தம் மார்பைத் தொட்டு, அந்த இளைஞரைத் தொட்டு, கையைச் சுழற்றி நம்மையும் நல ஆய்வாளரையும் சேர்த்துக் காட்டினார்.

அன்பர்களே, ஓராவோன் மக்களின் குடுக்கு மொழியும், இராஜ்மஹல் மலையில் வழங்கும் மால்தோவும் நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேட்பவரை விலக்கிச் சொல்ல அவர்களுக்கு 'ஏம்'. நம் பழந்தமிழில் 'யாம்'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கும் நமக்கும் 'நாம்'. இந்தியிலோ ஆங்கிலத்திலோ இந்த வேறுபாடு ஒரு சொல்லில் இல்லை. 'நீ இப்படிச் செய்' என்பது அறிவுரை. 'நாங்கள் உன் வயதில் எப்படி இருந்தோம் தெரியுமா' என்பது நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் சொற்பொழிவு. அம்முதியவர் இவ்விரண்டையும் விட்டு மூன்றாவதைப் பேசினார். பத்து நாட்களில் இளைஞர் பணிக்குத் திரும்பினார். முதியவர் அவரை ஓய்ந்துவிடவில்லை. இராஞ்சியில் உள்ள மருத்துவரிடம் இருமுறை தாமே அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்து தந்தார். அம்மருந்தை உட்கொள்ளும்படி செய்தவர் முதியவர். ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி ஆண்டுக்கொரு முறை, தன்பாத் - ஆலப்புழை விரைவு வண்டியில் போய்ப் பார்த்து வரும் உறவு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் சாத்ரியும், வீட்டில் தமிழ். அந்தத் தமிழும் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு நாள் கணக்கெடுத்துப் பாருங்கள். பசி, குளியல், மதிப்பெண், மின்கட்டணம். துயரத்திற்கும் அச்சத்திற்கும் நம் பிள்ளைகளிடம் தமிழ்ச் சொற்களே இல்லை, நாம் கொடுக்கவில்லை. திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்கு ஆண்டுதோறும் எவர்சில்வர் கிண்ணம் பரிசளிக்கிறோம், நல்லதே. ஆனால் நூறு குறள் ஒப்பித்த பிள்ளை நுழைவுத் தேர்வில் தோற்ற அன்று யாரிடம் போய் அமரும்?

வேறொரு தடையும் உண்டு. இவ்வூரில் காங்கே என்னும் பெயரைச் சொன்னால் சிறுவரும் சிரிப்பர். அங்குள்ள மனநல மருத்துவமனைகளுள் ஒன்று 1918 முதல் இயங்குகிறது. நாடெங்கிலுமிருந்து மருத்துவம் பயில அங்கே வருகின்றனர். ஆயினும் 'உன்னைக் காங்கேக்கு அனுப்ப வேண்டும்' என்பது இங்கே ஏச்சு. நம் வீடுகளிலும் அது புகுந்துவிட்டது. வேடிக்கையாகவே சொல்கிறோம். கேட்கும் பிள்ளை, தனக்கு உண்மையிலேயே உறக்கம் வராதபோது அதனை நினைவில் வைத்துக்கொண்டு வாய் மூடுகிறது. இந்த ஏச்சை இன்று முதல் நம் வீடுகளில் நிறுத்த வேண்டுகிறோம்.

பிள்ளைகளைத் தமிழிலேயே அழச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் பிள்ளைகளுட் சிலருக்கு இந்தியே நெஞ்சின் மொழி; அதில் பேசட்டும். அந்த இளைஞரிடம் முதியவரின் மொழி மட்டுமா வேலை செய்தது? தந்தையை அறிந்தவர், ஊர் வழக்கம் தெரிந்தவர், மூன்று நாள் காத்திருக்க ஒப்பியவர், கையில் வேலையோடு வந்தவர், இவ்வனைத்தும் சேர்ந்தன.

நம் சங்கக் கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. வாரத்திற்கு இரண்டு மாலை அதனை இளையோர்க்கே விட்டுவிடலாம் என்பது நம் வேண்டுகோள். பொறுப்பு நம்மிடம் வேண்டாம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுடையோருள் இருவரை அவர்களே தெரிந்தெடுக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் விரும்பும் மூத்த அம்மையார் ஒருவர் உடனிருக்கட்டும். ஏதேனும் கைவேலை இருத்தல் வேண்டும்: பழைய மிதிவண்டி பழுதுபார்த்தலோ, கேரம் பலகையோ, அடுத்த விழாவின் அரங்க அமைப்போ. சும்மா எதிரெதிரே அமர்ந்தால் எந்தப் பிள்ளையும் பேசாது. அக்கூடத்தில் மதிப்பெண் கேட்கலாகாது. அங்கு கேட்டதை வரிசை வீடுகளுக்குச் சுமந்து செல்லலாகாது. உயிருக்கு ஆபத்தான எண்ணம் ஒரு பிள்ளைக்கு உண்டென்று தெரிந்தால் மட்டும் மறைத்தல் கூடாது. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைக் கூடத்தின் கதவில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும்.

இன்னுமொரு செய்தி. பாதோ மாதத்து ஏகாதசியன்று இங்கு கரம் திருவிழா. அதற்குச் சில நாள் முன்னரே பெண்பிள்ளைகள் ஆற்று மணலைக் கூடையில் இட்டு, தானியம் தூவி, முளைவிடச் செய்வர், ஜாவா என்பர். நம் ஊர் முளைப்பாரியைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கரம் மரத்தின் கிளையை அக்ரா என்னும் ஆடுகளத்தில் நட்டு, இரவில் முதியவர் ஒருவர் கர்மா, தர்மா என்னும் உடன்பிறந்தார் கதையைச் சொல்வார். சினத்தால் கரம் கிளையை அவமதித்தவன் எல்லாம் இழந்து அலைகிறான். பின் திரும்பி வருகிறான். ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது. கதை ஊருக்கு ஊர் சற்று மாறும். தவறியவனுக்குத் திரும்பி வர வழி உண்டென்று இளையோர் நடுவில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதை நாம் கவனிக்க வேண்டும்.

நாம் முன்னர்க் கூறிய முதியவர் தம் ஊர் அக்ராவுக்கு நம் குடியிருப்புக் குடும்பங்களை அழைத்திருக்கிறார். இரவு முழுதும் ஆடல் உண்டு. தரையில் அமர ஒரு பாய் கொண்டு வந்தால் போதும் என்றார். பிள்ளைகளோடு வர விரும்புவோர் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம். கூடத்தின் சாவியும் அவரிடமே இருக்கிறது.