கட்டுத்தறிக் குதிரைக்குத் தீனியும் விளையாட்டும்

(மருங்காபுரியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



மணப்பாறைச் சந்தைக்கு அருகில் வாழும் நமக்கு மாட்டைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் குதிரையையும் மாட்டைப் போலவே எண்ணிப் பராமரிக்கிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. இந்நாளில் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவோரும், வண்டிப் பந்தயத்துக்கு வளர்ப்போரும், ஆசைக்காக வைத்திருப்போரும் அவர்களுள் அடங்குவர். ஆயினும், ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய குதிரை ஒரே இரவில் வயிற்றுவலி கண்டு மாண்டு போனால், அந்த நஷ்டம் ஒரு ஜோடி எருதை இழந்ததற்குச் சிறிதும் குறைந்ததன்று.

இது நம் நாட்டுக்குப் புதிய துன்பமும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்தனர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையும், சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து ஊட்டியதும் அவர் குறிப்பில் காணப்படுகின்றன. அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்த வழக்கத்தைக் கூறுகிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய செல்வம் தவறான தீனியாலும் கட்டுத்தறியாலும் அழிந்தது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகள் நூற்றாண்டுகளாகப் பாய்ந்த வண்ணம் நிற்கின்றன. உயிருள்ள குதிரையோ நம் அறிவை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது.

குதிரையின் வயிறு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் அறிவோம். மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய இரைப்பை உண்டு. அவசரமாக மேய்ந்ததை நிழலில் படுத்து அசைபோடலாம். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். அதற்கு அசைபோடுதல் இல்லை. உண்டதை வாந்தியெடுக்கவும் இயலாது. அதன் வயிற்றில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஆகவேதான் வெட்டவெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை சிறுகச் சிறுக மேய்கிறது. அதையே காலை ஒரு வாளி கொள்ளு, மாலை ஒரு வாளி கொள்ளு என்று வைத்துவிட்டு இடையில் வெறும் வாயோடு நிறுத்தினால், வயிற்றில் புண்ணும் குடலில் வலியும் காண்பது இயல்பே.

எனவே, தீனியில் முதலிடம் புல்லுக்கும் உலர்தீவனத்துக்கும் உரியது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். பசும்புல்லாயின் அதில் நீரே மிகுதியாதலால் நாலைந்து மடங்கு வேண்டும். அறுகம்புல் மிக நன்று. குதிரைமசால் என்ற பெயரே அது யாருக்கு உகந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த அதை அளவோடு கலந்து கொடுக்கலாம். பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடியும் ஏற்றது. வெறும் வைக்கோலை மட்டுமே நம்பலாகாது.

கொள்ளு நம் மானாவாரி நிலத்தின் செல்வம். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பது நம்மவர் பழமொழி. ஆனால் கொள்ளு உழைப்புக்குரிய தீனி. வேலையில்லாத நாளில் அதைக் குறைத்துவிட வேண்டும். ஊறவைத்தோ வேகவைத்தோ, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேற்படாமல் பகிர்ந்து கொடுப்பது நலம். வேகவைத்தது புளிக்குமுன் தீர்ந்துவிட வேண்டும். தூய நீர் எந்நேரமும் எட்டும்படி இருக்கட்டும். உப்புக்கட்டி ஒன்றும் அருகில் இருக்கட்டும். எந்தத் தீனியையும் திடீரென மாற்றாமல், பத்து நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குவோர், விற்பவர் கொடுத்து வந்த தீனி யாது என்று கேட்டறிந்து வருவது இதற்காகவே.

மாட்டுக்கு ஆகும் தீவனமெல்லாம் குதிரைக்கு ஆகாது என்பதையும் மறக்கலாகாது. சூபாபுல் தழையை மிகுதியாகத் தின்ற குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். பசுஞ்சோளத்தைத் தொடர்ந்து மேய்ந்தால் பின்னங்கால்கள் தள்ளாடி, சிறுநீர்ப் பையும் கெடும். கம்பு-நேப்பியர் புல்லை மட்டுமே நெடுநாள் கொடுத்தால், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்ள, எலும்பு மெலியும். தவிட்டை அளவுக்கு மீறிக் கொடுப்பதிலும் இதே கேடு உண்டு. வேலியோரத்து அரளி கொடிய நஞ்சு.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்வோம். “குதிரைக்குப் பொம்மையா?” என்று சிலர் நகைக்கலாம். நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் குதிரை கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிறது. தலையை இப்புறமும் அப்புறமும் ஓயாமல் ஆட்டுகிறது. இதைக் கெட்ட பழக்கம் என்று அடிப்பதும் கழுத்தில் வார் இறுக்குவதும் பயன் தரா. மேய்தல், நடத்தல், தன் இனத்தோடு கூடுதல் ஆகிய மூன்றும் மறுக்கப்பட்டதால் வந்த நோய் அது. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளைப் பற்றி 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று, நாளொன்றுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாகப் புல்தீவனம் பெற்றவற்றில் இத்தகைய பழக்கங்கள் மிகுந்திருந்ததைக் காட்டியது.

இதற்கான சாதனங்களைக் கடையில் வாங்க வேண்டுவதில்லை. சிறு கண்களாக முடைந்த தேங்காய்நார் வலையில் புல்லைத் திணித்துக் கட்டினால், ஒரு மணி நேரத்தில் தீரும் புல் மூன்று மணி நேரம் வரும். கால் மாட்டிக்கொள்ளாத உயரத்தில் அதைக் கட்டுவது அவசியம். தீனித் தொட்டியில் வாய்க்குள் போகாத பெரிய கூழாங்கற்கள் இரண்டு மூன்றை இட்டால், குதிரை அவற்றை ஒதுக்கி ஒதுக்கி மெல்லத் தின்னும். நன்கு கழுவிய பிளாஸ்டிக் கேனில் சில துளைகள் இட்டு, ஒரு பிடி கொள்ளைப் போட்டுத் தரையில் விட்டால், மூக்கால் உருட்டி உருட்டித் தானியத்தைத் தேடும். கேரட் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடலாம். கம்பத்தில் தேங்காய்நார்த் துடைப்பான் ஒன்றை அறைந்து வைத்தால் உடம்பை உரசிக்கொள்ளும். ஆணி, கம்பி, கூர்முனை எதிலும் இருத்தல் கூடாது. ஒரே பொருளை நாள்தோறும் வைத்தால் அலுத்துவிடும். மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

எனினும், எந்த விளையாட்டும் கயிறு அவிழ்த்து விடுவதற்கு ஈடாகாது. நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரமேனும் அடைப்புக்குள் தன் இஷ்டப்படி திரிய விடுங்கள். மற்றொரு குதிரை கண்ணில் படும்படி இருக்கட்டும். அதற்கு வழியில்லையேல் ஓர் ஆடும் நல்ல துணையாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மந்தைவெளியில் ஒரு மூலையை வேலியிட்டு, தண்ணீர்த் தொட்டியொன்று அமைத்தால், ஊரிலுள்ள குதிரைகள் முறை வைத்துத் திரிய இடம் கிடைக்கும்; கன்றுகளுக்கும் அது பயன்படும். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைப் பறித்து, புரண்டு, சாணமிடாமல் தவித்தால், தீனியை உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவியுங்கள். காலங்கடத்திக் கைமருந்து புகட்டுவது உயிருக்கே ஆபத்து.

நம் ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைத்து வணங்கும் மரபினர் நாம். கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்கு மெல்லப் புல்லும், உருட்ட ஒரு கேனும், நடக்கச் சிறிது இடமும் கொடுப்பது நமக்குப் பெரும் செலவன்று. இன்று மாலை வீடு திரும்பியதும், கொள்ளு வாளியைத் தேடுமுன் புல் வலையைக் கட்டுங்கள்.