சிலை வடித்த கைகளுக்கும் ஒரு கண்காட்சி வேண்டும்

(ஆலங்குளத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றிப் பேசும் மேடையில் இன்று சிலைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது படித்தவர்கள் விவகாரம் அல்லவா? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. சிலையைச் செய்தவன் உழைப்பாளி. மண்ணுக்குள் கிடந்த சிலையைத் தோண்டி எடுத்தவனும் பெரும்பாலும் உழைப்பாளிதான். ஆனால் பொருட்காட்சி சாலையில் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சீட்டில் இந்த இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை இருப்பதில்லை.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? தெய்வத்தின் பெயர், ராஜவம்சத்தின் பெயர், நூற்றாண்டு, கிடைத்த ஊர். அவ்வளவுதான். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் எப்படிச் செய்தார்கள், எந்தக் கருவியால் செய்தார்கள், அந்த வேலை தெரிந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை யார் சொல்வது?

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர். சாய்ந்து நிற்கக் காளை இல்லை. ஆனாலும் காளையின்மேல் கையை ஊன்றியிருக்கிற அந்த நிலையைப் பார்த்தால், காளை அங்கே நிற்பதாகவே தோன்றும். உலகம் முழுவதும் புகழ்கிற வேலை. அது எப்படி நடந்தது?

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி, முதலில் மெழுகில் உருவத்தைச் செய்யவேண்டும். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசிக் காயவைத்து, மறுபடியும் பூசிக் காயவைத்து, கனமான கூடாகக் கட்டவேண்டும். கூட்டைச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற மெழுகு உருகித் துவாரத்தின் வழியாக ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றவேண்டும். ஆறிய பிறகு மண் கூட்டை உடைத்தால் சிலை வெளிவரும். அப்புறம் உளியும் அரமும் கொண்டு பல நாள் வேலை. கூடு உடைந்துபோவதால், ஒரு கூட்டில் ஒரே சிலைதான். உலோகம் ஊற்றும்போது தவறு நேர்ந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண். கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். சூளையின் வெக்கை எப்படியிருக்கும் என்பதைச் சிமெண்ட் ஆலை கண்ட ஆலங்குளத்துக்காரர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை!

அந்தக் காலத்தில் தொழிலாளியின் பெயரை யாருமே எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. அங்கே பணிசெய்த 400 ஆடல் மகளிரும், தையல்காரரும், குயவரும், வண்ணாரும், நாவிதரும் கணக்கில் வருகிறார்கள். ஆனால் கல்லுடைத்தவர், பாரம் இழுத்தவர், மண் சுமந்த பெண்கள் பெயர் எங்கே? அரசனின் கல்வெட்டு வேண்டியவர்களை எழுதியது, மற்றவர்களை விட்டது. விட்டதைச் சேர்த்துச் சொல்வதுதான் இன்றைய பொருட்காட்சி சாலைகளின் கடமை.

இது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது, தோழர்களே! 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கே பொருள்களை ராஜாக்களின் வரிசைப்படி அடுக்கவில்லை. வேளாண்மையும் நீரும் ஒரு பகுதி. மண்பாண்டத் தொழில் ஒரு பகுதி. ஆடையும் அணியும் ஒரு பகுதி. கடல் வணிகம் ஒரு பகுதி. சுடுமண் தக்களிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ராஜபாளையத்து நூல் ஆலையில் ஸ்பிண்டில் முன்னால் நிற்கும் ஒரு பெண் தொழிலாளி, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் நூல் நூற்றவளின் தக்களியைப் பார்த்தால், அவளுக்குச் சீட்டு வேண்டுமா, விளக்கம் வேண்டுமா? சரித்திரத்தில் தன் தொழிலுக்கும் இடம் உண்டு என்று அவளே கண்டுகொள்வாள். பொருள்களை எந்தத் தலைப்பில் அடுக்குகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்!

சிலைகளைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பார்த்தாலும் சாதாரண மக்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். 1951இல் தஞ்சைக் கரந்தையிலிருந்த பிரம்மன் சிலையை வெளியே கொண்டுபோக முயற்சி நடந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அன்றைய கலெக்டர் டி. கே. பழனியப்பன் சிலையை அரண்மனைக்குக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தஞ்சாவூர் கலைக்கூடம்!

இன்னொரு சம்பவம் கேளுங்கள். 1976இல் பத்தூர் என்ற ஊரில், இடிந்த கோயிலுக்குப் பக்கத்தில் மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் செப்புச் சிலைகள் தட்டுப்பட்டன. அதிலிருந்த நடராஜர் அற்பப் பணத்துக்குக் கைமாறியது. தரகன் கையிலிருந்து தரகன் கைக்குப் போய், கடல் தாண்டி, கடைசியில் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றின் உடைமை ஆயிற்று. 1982இல் லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. அங்கேயே வழக்கு நடந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் தமிழ்நாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்பீலிலும் வென்று 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். லாபம் அடித்தவர்கள் தரகர்கள். மண் வெட்டியவருக்குக் கிடைத்தது அற்பக் காசு.

ஆகவே, மண்வெட்டி பிடிக்கும் நம் தோழர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பொருளுக்கு வேறு சொந்தக்காரர் இல்லை என்று முடிவானால், தனி உடன்படிக்கை எதுவும் இல்லாதபோது, நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு. மீதி ஒரு பங்குதான் நிலத்துக்காரருக்கு. கவனியுங்கள், கண்டெடுத்தவருக்கே பெரிய பங்கு! அரசே பொருளை எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். ஆனால் அந்த மதிப்பு எதன் மதிப்பு? பொருள் செய்யப்பட்ட உலோகத்தின் மதிப்பு! செம்புக்கு விலை உண்டு. வடித்தவன் வேலைக்கு விலை இல்லை. வெள்ளைக்காரன் போட்ட கணக்கு இது.

இதெல்லாம் தஞ்சாவூர்ச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். நம் பக்கத்திலேயே வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சுடுமண் உருவங்கள், சங்கு வளையல்கள், பாசிமணிகள், தந்தத்தில் செய்த பகடை என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. சங்கை அறுத்து வளையல் செய்யும் தொழில் அங்கே நடந்திருக்கிறது. கிடைத்தவற்றை அந்த ஊரிலேயே கண்காட்சியாகவும் வைத்தார்கள். நல்ல காரியம். குழிக்குள் இறங்கி மண்ணைச் சுரண்டிச் சலித்தவர்கள் யார்? நம் கிராமங்களின் ஆணும் பெண்ணும்தான்!

சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர், யாராக இருந்தாலும் சரி, வேலைப்பாட்டைப் பார்த்து மதிக்கத் தடையில்லை. ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரின் வடம் பிடிக்கிற நாம், அந்தத் தேரில் தச்சன் செதுக்கிய மரச் சிற்பங்களை எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறோம்?

நம் கோரிக்கைகள் இவை. இந்த வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் காட்ட, சிறியதானாலும் நிரந்தரமான ஒரு பொருட்காட்சி சாலை இங்கேயே வேண்டும். அதில் மாதம் ஒரு தலைப்பில் கண்காட்சி நடக்கவேண்டும்: ஒரு மாதம் கல்தச்சர், ஒரு மாதம் உலோகம் வார்ப்போர், ஒரு மாதம் மரத்தச்சர், ஒரு மாதம் குயவர். சிலைக்குப் பக்கத்தில் உளியையும், சுத்தியலையும், மெழுகு உருவத்தையும், மண் கூட்டையும் வைக்கவேண்டும். வேலை தெரிந்த தொழிலாளியையே அழைத்துவந்து, உரிய கூலி கொடுத்து, செய்துகாட்டச் சொல்லவேண்டும். கண்டெடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் சீட்டில் ஏறவேண்டும். எளிய தமிழில், பெரிய எழுத்தில் விளக்கம் வேண்டும். எழுத்து அறியாதவருக்கு வாயால் சொல்ல ஆள் வேண்டும். காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடினால் ஷிப்டுக்குப் போகிறவன் எப்போது வருவான்? தினக்கூலிக்காரி ஒரு நாள் கூலியை இழந்து வருவாளா? வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்திருக்கவேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. சங்கத்தின் மூலம் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு கீழடிக்குப் புறப்படுவோம். பார்த்துவிட்டு வந்து, இந்தக் கோரிக்கைகளை எழுதி, ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் ரேகை வைக்கட்டும். முதல் தாளை இந்தக் கூட்டத்திலேயே நிரப்புவோம், வாருங்கள்!