மூட்டு மாற்றிய பின் வீக்கம்: எது இயல்பு, எது எச்சரிக்கை?

“ஆபரேஷன் முடிந்தும் முழங்கால் ஏன் வீங்கிச் சூடாக இருக்கிறது?” என்று பலர் கேட்கிறீர்கள். வெட்டுப்பட்ட இடத்தை ஆற்ற உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. அதுதான் அந்தச் சூடு. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 2, 3ஆம் நாளில் உச்சம் தொட்டு, சில வாரங்களில் இறங்கிவிடும். லேசான சூடு சில மாதங்கள்கூட இருக்கலாம். காலை உயர்த்தி வையுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

ஆனால் குறைந்த வலி மறுபடி கூடினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உடனே காட்டுங்கள். நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்; கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள்.