செங்கத்து நடுகற்களும் கார்த்திகைப் பெருவிளக்கும்



கார்த்திகைத் திங்களின் நிறைநிலா நாளை ஒட்டி அண்ணாமலை உச்சியில் பெருவிளக்கு ஏற்றப்படுகிறது. 2668 அடி உயரத்தில், மாலை 6 மணியளவில், கொப்பரையில் நெய்யும் நீண்ட துணித்திரியும் இட்டு மூட்டப்படும் அத்தீயைக் காண நாற்றிசையினின்றும் மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். மேற்கே செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும், வடக்கே கலசப்பாக்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பேருந்து பேருந்தாய் வருகின்றனர். வருகின்ற வழியில், சாலையை விட்டுச் சற்றே விலகி, வரப்போரத்திலும் புளிய மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் கற்கள் சில நிற்கின்றன. வில்லேந்தியவன், வாளோங்கியவன், மார்பிலே அம்பு தைக்க நிற்பவன் எனப் புடைப்பாகச் செதுக்கப்பட்ட மறவர் உருவங்கள் அவை. மேலே நான்கைந்து வரி எழுத்து. மலைமேல் தீயைப் பத்துக்கல் தொலைவிலிருந்தும் கண்டு கைகூப்புகிற கண்கள், பத்தடியில் நிற்கும் அக்கல்லின் எழுத்தைக் காண்பதில்லை. இன்றைய பொழிவு அக்கற்களைப் பற்றியது.

முதற்கண் விளக்கைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கார்த்திகை என்று இன்று வழங்கும் மீன்கூட்டத்திற்குத் தமிழர் இட்ட பெயர் ஆரல். அறுமீன் என்பதும் அதுவே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், காட்டிலே பூத்துக் கிடக்கும் வெண்ணிற முசுண்டைப் பூவுக்கு வானத்து ஆரலை உவமை காட்டுகிறது. அப்பாட்டுப் பாடுவதும் இந்தச் செங்கத்து மலைக்காட்டைத்தான்! அறுமீன் நிறைநிலாவைச் சேரும் இரவில் ஊரெல்லாம் விளக்கிட்டு விழவு எடுத்ததை அகநானூறு பேசுகிறது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கார்த்திகை விளக்கீட்டைக் குறிக்கிறார். அவரும் நாவுக்கரசரும் இம்மலையை அண்ணாமலை என்றே பாடினர். அருணாசலம் என்னும் பெயர் தேவாரத்தில் தலைப்பெயராக நிற்கவில்லை என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்வது நன்று.

பருவத்தோடு ஒட்டிய விழா இது. மழை ஓய்ந்து, ஏரி நிரம்பி, பயிர் பொதி கட்டும் காலம். ஊர்ச் சிறுவர்க்கு அன்றைய பெருமகிழ்ச்சி மலைவிளக்கன்று, மாவளி! ஆண்பனையின் பூவை உலர்த்தி, மூட்டமிட்டுக் கரியாக்கி, இடித்துப் பொடித்துத் துணியில் இறுகக் கட்டி, பனைமட்டைப் பிளவுகளிடையே செருகிக் கயிறு கோத்து, நெருப்பிட்டுச் சுழற்றினால் பொறிகள் வட்டமாய்ப் பூத்துச் சொரியும். கடையில் வாங்கும் வெடியினும் இது ஆயிரம் மடங்கு அழகு. ஒரு காசும் செலவில்லை. பனை குறைந்ததால் மாவளியும் குறைந்தது. கொப்பரையை மலைமேல் சுமந்து செல்வோர் வழிவழியாகப் பருவதராசகுலத்தார் எனப்படும் மீனவ மக்களே என்பதும் கருதத்தக்கது. மலையுச்சித் தீ உழைக்கும் மக்களின் தோளில் ஏறிச் செல்கிறது.

இனி மேற்கே செல்வோம். மலைபடுகடாம் 583 அடி கொண்ட நெடும்பாட்டு. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாடப்பட்டோன் நன்னன் சேய் நன்னன். அவன் தலைநகர் செங்கண்மா. அதுவே மருவி இன்று செங்கம். அவன் மலை நவிரம். அவன் ஆறு சேயாறு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிப் பொறி இருக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் விரிவாய்ச் சொல்லி வருகிறவன், இடையே ஒன்றைச் சொல்கிறான்: வழி பிரியும் கவலைகளிலே, பகைவர்க்குப் புறங்கொடாது நாணி உயிர்விட்ட மறவர்க்குப் பெயர் பொறித்து நட்ட கற்கள் பலப்பல உள, அவற்றைக் கடக்கையில் யாழிசைத்து வழிபட்டுச் செல்க என்கிறான்.

இது வெறும் புலவர் புனைவு என்று எண்ணினோரும் இருந்தனர். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை திரட்டி, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக, ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாக 1972ஆம் ஆண்டு வெளியிட்டபோது அவ்வையம் நீங்கிற்று. பல்லவர் காலத்துக் கற்களே மிகுதி. சிங்கவிண்ணன், மயீந்திரன் ஆகியோர் ஆட்சியாண்டு குறித்தவை அவற்றுள் உண்டு. கூத்தன் வழி சொன்ன அதே நாட்டில், அவன் சொன்ன அதே மரபு, நூற்றாண்டுகள் கடந்தும் அறாது தொடர்ந்திருந்தது!

ஏன் இவ்வட்டாரத்தில் இத்துணைக் கற்கள்? நிலவமைப்பை நோக்குக. ஒருபால் சவ்வாது மலை, மறுபால் தென்பெண்ணை, இடையே செங்கம் கணவாய். மேற்கே தகடூர் நாட்டுக்கும் கிழக்கே கடல் வரை விரியும் சமவெளிக்கும் வாயில் அதுவே. வாயில் எங்கோ அங்கே போர். 1767ஆம் ஆண்டு செத்தம்பரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியதும் இச்செங்கத்தில். அம்மாதமே திருவண்ணாமலையருகே மீண்டும் மோதின. ஆயின் நடுகல் காலத்துப் போருக்கு முதற்பொருள் மண்ணன்று, ஆநிரை. வள்ளுவர் செல்வம் என்னும் பொருளிலேயே மாடு என்னும் சொல்லை ஆள்கிறார் எனின் கால்நடையின் அருமை சொல்லாமலே விளங்கும். இக்கற்கள் ஆநிரையைத் தொறு என்கின்றன. தொறு கவர வந்தோரோடு பொருது வீழ்ந்தவனைப் பட்டான் என்கின்றன. வெட்சி, கரந்தை என்று பள்ளியில் மனப்பாடம் செய்யப்படும் திணைகள் இங்கே மண்ணிலே நிற்கின்றன.

ஒரு கல்லை மட்டும் நின்று காண்போம். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் உள்ளது. மகேந்திரவருமனின் 34ஆம் ஆட்சியாண்டு; கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசர் உறவினராகிய பொற்றொக்கையார் என்பாரின் இளமகன் கருந்தேவக்கத்தி, எருமை நிரையைக் காக்கும் பூசலில் பட்டான். இளமகன் என்பது ஏவல் மறவனைக் குறிக்கும் சொல் எனக் கல்வெட்டறிஞர் கொள்வர். அவன் உருவின் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தனியே எழுத்துண்டு. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்ளரைக் கடித்துத் தலைவனருகே காத்து நின்றதாம் அது. உலகத்தில் எத்தனை பேரரசர்தம் பெயர்கள் மறைந்தொழிந்தன! ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன் எருமை மேய்த்த ஊரொன்றின் காவல் நாய் பெயரோடு நிற்கிறது. அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போர்ச்சேவலுக்கும் இவ்வாறே கல் நட்டிருக்கின்றனர். நன்றி மறவாமை என்பதற்கு இதனினும் வேறு சான்று தேடவேண்டா.

இங்கே மொழியை நோக்குக. அதே மகேந்திரவருமன் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கத்துச் சீயமங்கலத்தில், மலையைக் குடைந்து கோயில் எடுத்தான். அதில் அவன் பொறித்தது வடமொழி, எழுத்து கிரந்தம். செங்கற் கல்லும் மரமும் மாழையும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் அவன் பெருமிதம் கொண்டதும் வடமொழியில்தான். (தளவானூர்க் குடைவரையில் தமிழும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது.) மன்னன் கோயிலில் வடமொழி ஓங்கி நின்ற அதே ஆண்டுகளில், அவன் ஆட்சிக்கு உட்பட்ட சிற்றூரான், தன் ஊர் மறவனுக்குத் தமிழில், வட்டெழுத்தில் கல் வெட்டினான். ஆட்சியாண்டைக் குறிக்க மன்னன் பெயரை எழுதவேண்டிய இடத்தில் என்ன செய்தான்? விசய என்பதை விசைய என்றான். வருமன் என்பதைப் பருமன் என்றான். விட்டுணு என்பதை விண்ண என்றான். மகேந்திரனை மயீந்திரன் ஆக்கினான். தொல்காப்பியர் வடசொற்கிளவிக்கு வகுத்த நெறியை அவன் ஏட்டில் படித்தானோ இல்லையோ, நாவிலே கொண்டிருந்தான். மன்னன் பெயரேயாயினும் தமிழ் நாவுக்கு அடங்கித்தான் கல்லேற வேண்டும்! இன்று தம் பிள்ளைக்குப் பெயர் தேடிக் கிரந்த எழுத்து எத்தனை வரும் என்று எண்ணுகிற பெற்றோர் அக்கல்லெதிரே சிறிது நேரம் நிற்றல் நலம்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அறுவகைப்படுத்தும். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்கள் இவ்வரிசையைப் பெரிதும் தழுவியவை. கண்ணகிக்குச் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான். கருந்தேவக்கத்திக்கு அவன் காத்த நிலத்துக் கல்லே போதுமாயிற்று. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆகோள் பூசலை ஒரு கல் குறிக்கிறது. ஆகவே இம்மரபின் வேர் பல்லவர்க்கு நெடுங்காலம் முற்பட்டது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய கற்கள் இன்று எந்நிலையில் உள்ளன? செங்கம், ஊத்தங்கரை, தருமபுரிப் பக்கத்து மக்கள் இவற்றை வேடியப்பன் என்று வழிபடுகின்றனர். பொங்கலிட்டும் கோழி அறுத்தும் படைக்கின்றனர். கார்த்திகையில் அகல் ஏற்றி வைப்போரும் உளர். வழிபாடு இருந்ததனாலேயே பல கற்கள் உடையாமல் தப்பின. கல்லாதார் எனப்பட்டோர் காத்தனர், கற்றோர் காணாதிருந்தனர்! ஆயின் அவ்வழிபாட்டின் உள்ளேயே ஒரு கேடும் வளர்ந்து வருகிறது. ஆண்டுதோறும் எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பி எழுத்துப் பள்ளம் தூர்ந்துவிடுகிறது. ஊரில் சிறிது பணம் சேர்ந்தால் கல்லுக்குச் சாயம் பூசுகின்றனர்; சுற்றிலும் சிமிட்டி மேடை கட்டிக் கீழ்வரிகளைப் புதைத்துவிடுகின்றனர்; சுவர்ப்பளிங்கு ஒட்டுகின்றனர். அடுத்த படியாக, வேடியப்பன் என்னும் பெயர் நாகரிகமாக இல்லையென்று யாரோ சொல்ல, வேறு பெயர் சூட்டி, மந்திரம் ஓதி, குடமுழுக்குச் செய்கின்றனர். ஆநிரை மீட்டு இறந்தவன் கதை அன்றோடு அழிகிறது. அவன் கொடிவழியினர் அவ்வூரிலேயே இருக்கலாம். தம் முன்னோன் பெயரை எதிரே வைத்துக்கொண்டே அறியாது நிற்பர்.

வழிபாட்டை நிறுத்துங்கள் என்று சொல்வது தகாது. அதனால் பயனும் இல்லை. வழிபடுவோர்க்கு அக்கல்லின் பெயரைப் படித்துக் காட்டுவதே தமிழ் கற்றோர் செய்யத்தக்கது. ‘ஐயா, உங்கள் வேடியப்பனுக்குப் பெயர் இருக்கிறது, அவர் இன்னார் மகன், இன்ன ஆண்டு, உங்கள் ஊர் மாட்டைக் காக்கப் போய் இறந்தவர்’ என்று ஊர்ப் பெரியவரிடம் ஒருமுறை சொன்னால், மறுமுறை அவரே சாயக்குவளையைத் தட்டிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் ஊர்ப் பெருமையை உணரத் தெரியாதவரல்லர்.

அதற்கு வட்டெழுத்துத் தெரியவேண்டும். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் கொங்கிலும் வழங்கி, சோழர் ஆட்சி பரவிய பின் தமிழகத்தில் படிப்படியாக மறைந்த எழுத்து அது. தமிழ் ஒலிக்கென்றே அமைந்தது. ஆகலின் எழுத்துகள் குறைவு. தமிழ் அறிந்த மாணவன் சில கிழமைகளில் கற்றுவிடலாம். பகரமும் வகரமும் யகரமும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. பட்டான், தொறு, கல் என்னும் சொற்களை முதலில் தேடிப்பிடித்தால் மற்றவை தாமே அவிழும்.

படியெடுப்பதும் அரிதன்று. கல்லை நீரால் கழுவித் தூரிகையால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். நனைந்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துள் தாளைப் பதியச் செய்து, மைப்பந்தால் ஒற்றினால் கரிய பரப்பில் எழுத்து வெண்மையாய் எழும்; உலர்ந்தபின் உரித்தெடுக்கலாம். இதற்குப் பழகிய கை வேண்டும். பழகாதார் கைப்பேசியில் படம் எடுப்பதோடு நிற்பதே கல்லுக்கு நல்லது. இரும்பால் சுரண்டுதலும், எழுத்துத் தெரியவேண்டிச் சுண்ணக்கோலால் வரைதலும் அறவே கூடா. தவறாகப் படித்தவன் இட்ட கோடு பின்வருவோரையும் தவறாகப் படிக்கச் செய்யும். புதிய கல் தென்பட்டால் இடம் பெயர்க்காமல், ஊரார்க்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவித்தல் வேண்டும்; நின்ற இடமும் செய்தியின் ஒரு பகுதியே.

விளக்கு 11 நாள் மலைமேல் எரியும். அதன்பின் மார்கழிப் பனி. தையில் அறுவடை முடிந்து வரப்புகள் தெளியும். செங்கத்து வயல்களுள் நடக்க அதுவே ஏற்ற காலம். விடியலிலோ பொழுது சாயும் வேளையிலோ செல்க. உச்சிவெயிலில் எழுத்து மறைந்துவிடும், சாய்ந்த ஒளியில்தான் பள்ளத்தில் நிழல் விழும். ஒரு குடம் நீரும், மென்மையான தூரிகையும், வட்டெழுத்து அட்டவணை ஒன்றும், ஊர்ப் பெரியவர் ஒருவரின் இசைவும் கையில் இருந்தால் போதும்.