துறைவாரிச் செலவுக் கணக்கு: எந்த வழி நமக்கு ஏற்றது?

 

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இயங்கிய நகரத்தார் கிட்டங்கிகளை மூத்தோர் அறிவர். ஒரே கூரையின்கீழ்ப் பல விலாசங்கள் தொழில் நடத்தின. ஒவ்வொரு விலாசத்திற்கும் தனிப் பெட்டி, தனிப் பேரேடு, தனி ஐந்தொகை. இடம் பொதுவாயினும் கணக்கு தனித்தனியே நின்றது.

இன்று பேரேட்டின் இடத்தைக் கணினி பெற்றுவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு முதல் மின்விலைப்பட்டியல் முறையைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்ததை அடுத்து, சிறு வணிகரும் புதிய மென்பொருளை நாடுகின்றனர். அவ்வாறு மாறும் வேளையிலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஒரு கடைக்குள் பல துறைகள் இருப்பின், ஒவ்வொன்றின் செலவையும் எவ்வாறு பிரித்தறிவது? இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, துறைதோறும் தனித்தனிக் கணக்குத் தலைப்புகளைத் திறப்பது. இது எளிது. ஆனால் 20 செலவுத் தலைப்புகளும் 3 துறைகளும் இருந்தால் 60 கணக்குகளாகும். மற்றொரு கிளை திறந்தால் 120 ஆகும். பட்டியல் நீள நீளப் பதிவில் பிழையும் மலியும்.

இரண்டாவது, கணக்குத் தலைப்பை ஒன்றாகவே வைத்து, ஒவ்வொரு பதிவிலும் துறையின் பெயரைக் குறிப்பது. பெங்களூரில் உருவான டேலி மென்பொருளில் இதற்குக் ‘காஸ்ட் சென்டர்’ என்று பெயர். குவிக்புக்ஸில் ‘கிளாஸ்’ என்பர். துறை ஒருபுறம், கிளை ஒருபுறம் என இருவகையாகப் பிரித்துப் பார்க்கவும் இவற்றில் வழியுண்டு. எல்லாப் பதிப்புகளிலும் இவ்வசதி இராது. வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

மூன்றாவது, துறைக்கொரு தனி நிறுவனக் கோப்பு வைப்பது. தனிப் பங்காளிகளும் தனி வங்கிக் கணக்கும் உள்ள தொழிலுக்கு இது பொருந்தும். ஒரே நிறுவனமாயின், ஆண்டிறுதியில் அனைத்தையும் கூட்டி ஒரே ஐந்தொகையாக்கும் சுமை வந்து சேரும்.

இரண்டே துறைகள், சில செலவுகள் எனில் முதல் வழி போதும். சட்டப்படி வேறு நிறுவனம் எனில் மூன்றாவதே முறை. ஏனைய பெரும்பாலோர்க்கு இரண்டாவது வழியே ஏற்றது.

அன்பர்களே, மென்பொருள் எதுவாயினும் பொதுச் செலவைப் பகிரும் முறை தவறினால் முடிவும் தவறிவிடும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணி, பூசைப் பொருள், தையல் என மூன்று துறைகள் கொண்ட ஒரு கடையைக் கற்பனை செய்வோம். மாத வாடகை 9,000 வெள்ளி. மூன்றாகப் பங்கிட்டால் துறைக்கு 3,000. தையல் துறை தன் கூலியும் நூல் செலவும் போக 2,200 வெள்ளி ஈட்டுகிறது. வாடகைப் பங்கைக் கழித்தால் 800 வெள்ளி நட்டம் எனக் கணினி காட்டும். முதலாளி அத்துறையை மூடி, இரு தையற்காரர்களையும் அனுப்பிவிடுகிறார். ஆனால் வாடகை குறைந்ததா? இல்லை! 9,000 அப்படியே நிற்கிறது. கடையின் இலாபமே மாதம் 2,200 வெள்ளி குறைந்துபோகிறது. தையல் துறை கொண்டிருந்தது பத்தில் ஒரு பங்கு இடம் எனில், அதன் வாடகை 900 மட்டுமே. மீதம் 1,300 வெள்ளி இலாபம். இரு குடும்பங்களின் பிழைப்பு ஒரு வகுத்தல் கணக்கில் தங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சிலவற்றை நடைமுறையில் கொள்ளுங்கள். வாடகையை இட அளவால் பகிருங்கள். ஊதியத்தோடு ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவிற்கும் முதலாளி செலுத்தும் பங்கையும் அந்தந்தத் துறையிலேயே சேருங்கள். 5,000 வெள்ளி வரை ஊதியம் பெறும் 60 வயதுக்குட்பட்ட மலேசியர்க்குச் சேமநிதிப் பங்கு மட்டுமே 13 விழுக்காடு அன்றோ! எத்துறைக்கும் உரித்தாகாத செலவிற்குப் ‘பொது’ என ஒரு துறை வையுங்கள். துறை குறிக்காமல் விடுபட்ட பதிவுகளை மாதந்தோறும் தேடித் திருத்துங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் இம்முறையைத் தொடங்குங்கள். ஒரு துறையை மூடுமுன், அதனோடு உண்மையில் எந்தெந்தச் செலவு மறையும் என்று கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் தொழில்கள் தலைமுறை தாண்டித் தழைக்க வேண்டுமாயின், உழைப்போடு தெளிந்த கணக்கும் வேண்டும்.