தேனீக்கு நம் கை பழகுமா?



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "தினமும் திறந்து பார்த்தா நம்ம கை அதுங்களுக்குப் பழகிடும் இல்லையா சார்? மாடு பழகலையா, நாய் பழகலையா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த நினைப்பிலேதான் பல பெட்டிகள் காலியாகின்றன.

பூச்சியைத் தொட்டால் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது? நமக்குப் பயம் வந்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது அல்லவா? பூச்சியில் அந்த வேலையைச் செய்வது ஆக்டோபமைன் என்ற பொருள். சேமித்து வைத்த சத்து எரிபொருளாக வெளியே வருகிறது, சுவாசம் கூடுகிறது. அடுப்பு வேகமாக எரிகிறது, விறகும் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூச்சியின் சுவாசத்தை அளக்கும் ஆய்வுக்கூடங்களில், குப்பியில் போட்ட உடனே கிடைக்கும் கணக்கை நம்பமாட்டார்கள். கை பட்ட பதற்றம் அடங்கட்டும் என்று காத்திருந்துதான் அளப்பார்கள்.

பழக்கம் என்பது பூச்சிக்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மடகாஸ்கர் தீவில் ஒரு பெரிய கரப்பான் இருக்கிறது. கையில் எடுத்தால் பாம்பு மாதிரிச் சீறும். திரும்பத் திரும்ப எடுத்தால் சீறுவதைக் குறைத்துக்கொள்கிறது. பதற்றம் குறைந்தால் அதற்கான செலவும் மிச்சம்தானே! ஆனால் அது வருஷக் கணக்கில் வாழ்கிற பூச்சி.

நம் பெட்டியில் இருப்பதோ இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்போமே, அது. வேலை மும்முரமான பருவத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். இன்று உங்கள் கையைப் பார்த்த ஈ இரண்டு மாதம் கழித்து இருக்காது. புதிதாகப் பிறந்ததற்கு நீங்கள் யாரோ எவரோ! ஒரு ஈ கொட்டினால் அதிலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும். அது மற்ற ஈக்களுக்கு எச்சரிக்கை மணி. (வாழைப்பழம் சாப்பிட்ட கையோடு பெட்டியிடம் போகாதீர்கள்.)

இன்னொரு செலவும் இருக்கிறது. புழு வளரும் அடையை ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தேனீக்கள் காக்கின்றன. மழை நாளில் மூடியைத் திறந்தால் உள்ளே குளிரும். இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசையை நடுங்க வைத்துச் சூடேற்றும். கத்திரி வெயிலில் திறந்தால் இறக்கையால் விசிறி, தண்ணீர் கொண்டுவந்து தெளித்துக் குளிர வைக்கும். இரண்டுக்கும் எரிபொருள் நீங்கள் எதிர்பார்க்கும் தேன்தான். தொல்லை மிஞ்சினால் இந்தியத் தேனீ பொறுத்துக்கொண்டு இருக்காது. ராணியோடு கூட்டமே பெட்டியை விட்டுப் பறந்துவிடும்.

ஆகவே 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வெயில் காலத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள். மழை, பலத்த காற்று இருந்தால் தொடவே வேண்டாம். வாசலில் இரண்டு மூன்று முறை புகை காட்டி, சற்று நேரம் பொறுத்துத் திறக்கவும். புகையை அளவுக்கு மீறி ஊதினால் ஈக்கள் அடையை விட்டுச் சிதறி ஓடும். அடைச்சட்டத்தை ஆட்டாமல், தட்டாமல் நேராகத் தூக்குங்கள். பக்கத்துச் சட்டத்தில் உரசி ஈ நசுங்கக் கூடாது. பழக வேண்டியது உங்கள் கை. ஈக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

மற்ற நாட்களில் ஆசை அடங்கவில்லையா? வாசலுக்கு நேரே நிற்காமல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு ஈக்கள் மும்முரமாக உள்ளே போனால், பெரும்பாலும் ராணி முட்டையிடுகிறது, புழு வளர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூடியில் கை வைக்காமலே இவ்வளவும் தெரியும்.