மூதாட்டியர் வாழ்வு
(கலசப்பாக்கத்தில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் என்னும் மூதாட்டியாரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன். கோயமுத்தூர் மாவட்டத்தில் 1914-ஆம் ஆண்டு தோன்றிய இவ்வம்மையார் இளமையிலேயே பெற்றோரை இழந்தார், பாட்டியாரே வளர்த்தார். பாட்டியார் விட்டுச் சென்ற சிறு கடையை நடத்தி, சேர்த்த பொருளால் நிலம் வாங்கினார். நூறாண்டு கடந்த பின்னரும் கழனியில் இறங்கி, இயற்கை உரமிட்டுப் பயிர் செய்தார். 2021-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கத்தார் பத்மஸ்ரீ விருதளித்தனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இறைவனடி சேர்ந்தார்.

அப்பெருமாட்டியை நாடறியும். அவரை ஆளாக்கிய பாட்டியாரின் பெயரை நம்மில் யார் அறிவார்? நம் இல்லங்களின் நிலையும் இதுவே. செய்யாற்றங்கரையில் கதிரறுத்து, களம் பெருக்கி எங்கள் குடியைக் காத்த என் பாட்டியார் பிறந்த ஆண்டு எனக்குத் தெரியாது. பத்திரங்களில் பாட்டனார் பெயரே காணப்படுகின்றது. புலவர் வரலாறுகளை மாணவர்க்குப் பயிற்றும் யான், அவர் வரலாற்றை ஒருநாளும் கேட்டேனில்லை.

இக்குறை உங்களுக்கு நேர வேண்டா. இல்லத்தில் மூதாட்டியார் இருக்கப்பெற்றோர் இன்றிரவே அவரருகில் அமருங்கள். பிறந்த ஊர், தாயார் பெயர், பட்ட பாடு யாவும் கேட்டெழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். மறைந்தபின் புகழுரைப்பதினும், இருக்கும்போது செவிசாய்ப்பதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.